தெற்கே போன மூட்டை

அந்த ஆவணி மாதத்தில் என் மனைவி காலையில் அரை டம்ளர் காப்பி குடித்தாள். பகலில் இரண்டு கவளம் சாத்தமுது சாதம் சாப்பிட்டாள். சாயங்காலம் ஒன்றும் இல்லை. எங்கள் வீடுகளில் ரசத்தைச் சாத்தமுது என்போம். இவ்வளவு துல்லியமாக எனக்கு நினைவிருப்பதற்குக் காரணம், நான் தினமும் அதை எழுதி வைத்ததுதான். மைசூரில் ஒரு சிறிய ஆங்கில நாளிதழில் உதவி ஆசிரியராக இருந்தேன். கண்ணில் பட்டதைக் காகிதத்தில் குறிக்காவிட்டால் அது நடக்கவில்லை என்று நினைக்கிற பழக்கம் அந்த வேலையில் வந்துவிடும்.

சித்திரையில் அவளுக்கு விஷ ஜுரம் கண்டது. ஐந்து மாதக் கர்ப்பம் அந்த ஜுரத்தில் கலைந்தது. ஜுரம் முப்பத்தோராம் நாள் இறங்கியது. பசி திரும்பவில்லை. வைகாசி, ஆனி, ஆடி என்று மூன்று மாதம் பார்த்தோம். அவளுடைய வளையல்கள் முழங்கை வரை ஏறி இறங்கின. பிறகு அவற்றைக் கழற்றி வைத்துவிட்டாள். அப்போது அவளுக்கு இருபத்தாறு வயது.

டாக்டர் பெங்களூரில் ராணுவத் தண்டுப் பகுதியிலிருந்து வந்து எங்கள் ஊரில் தொழில் செய்தவர். தமிழர். சுற்றி வளைத்துப் பேசமாட்டார். அவள் நாக்கையும் கண்ணையும் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"வியாதின்னு ஒண்ணும் இல்ல சார். வயிறு தூங்கிப்போச்சு. நான் குடுக்கற மருந்துக்கு அது எழுந்திரிக்காது. இவங்கள ஊட்டிக்கு அழைச்சிக்கிட்டுப் போங்க. நாலு நாள் போதும். அந்தக் குளிர்ல எல்லாருக்கும் பசிக்கும். அங்க கிடைக்கற காய்கறி, வெண்ணெய், ரொட்டி எல்லாம் குடுங்க. சாப்பாட்டுக்கு முன்னாடி அரை கிளாஸ் பீர்."

"பீரா?"

"அங்கயே வடிக்கறாங்க, நல்லா இருக்கும். மருந்துன்னு நினைச்சுக்குங்க. வெள்ளைக்காரங்க பிரசவமான பொம்பளைங்களுக்கே குடுப்பாங்க."

சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்த என் மனைவி, அவர் இருக்கும்போதே என்னிடம் கேட்டாள்: "ஏன்னா, அதைப் பெருமாளுக்குக் கண்டருளப் பண்ணிட்டுக் குடிக்கணுமா, அப்படியே குடிக்கலாமா?"

டாக்டர் சிரித்தார். நானும் சிரித்தேன். மூன்று மாதத்தில் அவள் சொன்ன முதல் கேலி அது.

வாசலில் சைக்கிளில் ஏறுவதற்கு முன் அவர் சிரிக்காமல் சொன்னார்: "ஐப்பசி மழை பிடிக்கறதுக்குள்ள போய்ட்டு வந்துடுங்க. அப்புறம் மலையில ஈரம், இந்த உடம்பு தாங்காது. இங்கயே இப்படியே இருந்தாலும் தை மாசம் தாண்டாது சார். உங்ககிட்ட மறைச்சு என்ன?"

ஆக எனக்கு இருந்தது ஆவணியின் கடைசி வாரமும் புரட்டாசியும்தான்.

அன்று சாயங்காலம் அவளுக்கு ஊட்டியைப் பற்றிச் சொன்னேன். மூன்று ஆண்டுகளுக்கு முன் மலர்க் கண்காட்சியைப் பற்றி எழுத என்னைப் பத்திரிகை அங்கே அனுப்பியிருந்தது. பூக்களைப் பற்றி எழுதியதெல்லாம் மறந்துவிட்டது. சாப்பிட்டது மட்டும் நினைவில் நின்றது. சந்தைக்குப் பக்கத்தில் ஒரு பிராமணாள் ஹோட்டலில் பச்சைப் பட்டாணியை உப்புப் போட்டு வேகவைத்து, மேலே ஒரு கட்டி வெண்ணெய் வைத்துக் கொடுத்தார்கள். வெண்ணெய் உருகிப் பட்டாணிக்கு நடுவே இறங்குவதற்குள் சாப்பிட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் குளிரில் மறுபடி உறைந்துவிடும்.

"தோல் கடினமா இருக்குமா?" என்றாள்.

"எது?"

"பட்டாணியோட தோல்."

"இருக்காது. வாயில போட்டா வெடிக்கும்."

அன்று இரவுச் சாப்பாட்டில் நான்கு கவளம் சாப்பிட்டாள். அதை எழுதி வைத்தேன்.

அதிலிருந்து தினமும் சாயங்காலம் ஐந்தரைக்கு நான் வந்ததும் திட்டம் போடுவோம். அலுவலகத்திலிருந்து செய்தி எழுதும் நீளமான மட்டக் காகிதத்தைக் கொண்டுவருவேன். மேலே 'முதல் நாள்' என்று எழுதி அடிக்கோடு போடுவேன். காலை ஆறு மணி பஸ். குண்டுலுபேட்டையில் காப்பி. பண்டிப்பூர்க் காட்டில் வண்டியின் திரையை இறக்கிவிட வேண்டும், தூசி. கூடலூரில் வண்டி ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்ற நிறுத்துவார்கள், அங்கே தயிர் சாதம். அதற்குமேல் வளைவுகள். அவளுக்குப் பின் இருக்கையில் வாந்தி வரும் என்பதால் முன் இருக்கை வேண்டும். முன் இருக்கை இரண்டையும் சர்க்கார் அதிகாரிகள் பிடித்துக்கொள்வார்கள், அதனால் பஸ் ஏஜெண்டிடம் நான்கு நாள் முன்பே சொல்லிவைக்க வேண்டும்.

இரண்டாம் நாளுக்குத்தான் அதிக நேரம் எடுத்தது, ஏனென்றால் அது முழுக்கச் சாப்பாடு. காலையில் பேக்கரி ரொட்டியைத் தணலில் வாட்டி வெண்ணெயும் பழ ஜாமும். அவள் பேக்கரி ரொட்டி தின்றதில்லை. அதில் முட்டை போடுவார்களோ என்ற சந்தேகம் எங்கள் அக்ரஹாரத்தில் எல்லோருக்கும் இருந்தது. போடாமல் செய்கிற கடை ஒன்று எனக்குத் தெரியும் என்று சொன்னேன். தெரியாது. போய் விசாரித்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். பகலில் பட்டாணி, காலிஃபிளவர், உருளைக்கிழங்கு. அதற்கு முன்னால் அந்த அரை கிளாஸ்.

"நீங்க குடிச்சிருக்கேளா?" என்று ஒரு நாள் கேட்டாள்.

"ஒரே ஒரு தடவை. அந்தக் கண்காட்சியப்போ."

"எங்கிட்ட சொல்லவே இல்லையே. எப்படி இருந்தது?"

"கசப்பு. வேப்பம்பூ சாத்தமுது ஆறிப்போனா எப்படி இருக்கும், அப்படி. மேல நுரை."

"அதுக்கு எதுக்கு ஊட்டி வரைக்கும் போகணும்? நான் இங்கேயே பண்றேனே!"

அவளுக்குச் சிரித்து இருமல் வந்துவிட்டது. தெற்கே அடுத்த வீட்டு மாமி என்னமோ ஏதோ என்று ஓடிவந்தாள். என் மனைவிக்கு முடியாத நாட்களில் எங்களுக்குத் தளிகை பண்ணிக் கொடுத்தவள் அந்த மாமிதான். பிள்ளைகள் இல்லாதவள். பஞ்சாங்கம் முழுவதும் அவளுக்கு மனப்பாடம்.

அந்த வாரம் என் மனைவி சராசரியாக ஆறு கவளம் சாப்பிட்டாள். ஒரு நாள் தோசை ஒன்று.

புரட்டாசி முதல் வெள்ளிக்கிழமை காலை நல்ல வேளை என்று மாமி குறித்துக் கொடுத்தாள். நான் ஆசிரியரிடம் போய் நான்கு நாள் விடுப்புக் கேட்டேன். தசரா சிறப்பிதழ் வேலை தொடங்கியிருந்தது. எங்கள் பத்திரிகைக்கு ஆண்டு முழுவதும் வரும் விளம்பரத்தில் பெரும்பகுதி அந்த ஓர் இதழுக்காகவே வரும். ஆசிரியர் கன்னடர், என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். இந்த வாரம் முடியவே முடியாது என்றார். அவர் சொன்னதில் தவறில்லை.

வீட்டில் வந்து சொன்னேன். என் மனைவி முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. மாமிதான் வழி சொன்னாள். "அதனாலென்ன? பரஸ்தானம் வெச்சுடுங்கோ."

குறித்த வேளையில் புறப்பட முடியாதவர்கள் செய்வது அது. பயணத்துக்கு எடுத்துப்போகும் துணியில் ஒன்றிரண்டை மஞ்சளும் அட்சதையும் வைத்து மூட்டையாகக் கட்டி, அந்த நல்ல வேளையில், போகும் திசையில் உள்ள வேறு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட வேண்டும். மூட்டை கிளம்பிவிட்டால் ஆளும் கிளம்பியதாகக் கணக்கு. ஐந்து நாளுக்குள் அங்கிருந்தே எடுத்துக்கொண்டு போய்விட வேண்டும். மூட்டை திரும்பி வீட்டுக்குள் வரக் கூடாது.

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. இருந்தும் வெள்ளிக்கிழமை காலை ஏழரைக்கு, அவளுடைய கம்பளிச் சால்வை, ஒரு ரவிக்கை, என் வேட்டி ஒன்று, இவற்றைக் கட்டி மாமி வீட்டுக் கூடத்தில் கொண்டுபோய் வைத்தேன். வைத்துவிட்டுத் திரும்பும்போது எனக்கு ஒரு நிம்மதி வந்தது. ஒரு காரியம் தொடங்கியாகிவிட்டது என்கிற நிம்மதி. இப்போது யோசித்தால் அந்த நிம்மதிதான் எல்லாவற்றையும் கெடுத்தது. கிளம்பாதவனுக்குக் கிளம்ப வேண்டும் என்ற பதற்றம் இருக்கும். எனக்கு அது போய்விட்டது.

ஐந்தாம் நாள் மாமி வந்து கெடு முடிகிறது என்றாள். மூட்டையை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவர முடியாது. முன்னால் போகலாம், பின்னால்தான் வரக் கூடாது என்று அவளே ஒரு வழி கண்டுபிடித்து, தன் வீட்டுக்குத் தெற்கே அடுத்த வீட்டில் கொண்டுபோய் வைத்தாள். இன்னும் ஐந்து நாள் கிடைத்தது. அதுவும் முடிந்தபோது அதற்கும் அடுத்த வீடு.

"இப்படியே போனா மாசி மாசம் மூட்டை நஞ்சன்கூடு சேர்ந்துடும்," என்றாள் என் மனைவி. "நாம மெதுவா அப்புறம் வந்துக்கலாம்."

அப்போதும் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

இனி நான் எழுதப்போவதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. மூட்டை இரண்டாம் வீட்டில் இருந்தபோது ஒரு நாள் ஆசிரியர் என் மேஜைக்கு வந்தார். வீட்டில் எப்படி இருக்கிறாள் என்று கேட்டார். கொஞ்சம் தேவலை என்றேன். "அவசியமென்றால் வெள்ளிக்கிழமை கிளம்பி செவ்வாய்க்கிழமை வந்துவிடு, நான் பார்த்துக்கொள்கிறேன்," என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். மறுநாள் போய், தசரா முடியட்டும், நானே இருக்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

இதற்கு இரண்டு காரணம் உண்டு. சிறப்பிதழின் முதல் கட்டுரையை அந்த ஆண்டு என்னிடம் கொடுத்திருந்தார்கள். விஜயதசமி யானை ஊர்வலமான ஜம்பூ சவாரி பற்றிய நான்கு பத்திக் கட்டுரை, கீழே என் பெயரின் முதலெழுத்துகளோடு வரும். பதினோரு ஆண்டு வேலையில் அது முதல் தடவை. நான் போய்விட்டால் வேறொருவர் எழுதுவார். இரண்டாவது காரணம் என் குறிப்பில் இருந்தது. அவள் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஆறு, ஏழு, ஒரு நாள் ஒன்பது கவளம். ஊட்டிக்குப் போகாமலே, ஊட்டியைப் பற்றிப் பேசியே பசி வருகிறது. அப்படியானால் பத்து நாள் தள்ளிப்போனால் என்ன? மூட்டையும் கிளம்பித்தான் இருக்கிறது. இப்படித்தான் கணக்குப் போட்டேன். வீட்டில், ஆசிரியர் இன்னும் விடமாட்டேன் என்கிறார் என்று சொன்னேன்.

நவராத்திரிக்கு மாமியே வந்து எங்கள் வீட்டில் மூன்று படி கட்டிப் பொம்மை அடுக்கினாள். மைசூரில் கொலு வைக்காத வீடு கிடையாது. அந்த ஒன்பது நாளும் பெண்கள் வீடு வீடாகப் போய்ப் பொம்மை பார்த்து, மஞ்சள் குங்குமம் வாங்கிக்கொள்வார்கள். ஊர் முழுக்க வெளியூர்க்காரர்கள். நான் அரண்மனைப் பக்கமும் அச்சகமுமாக அலைந்துகொண்டிருந்தேன். சாயங்காலத் திட்டம் நின்றுபோயிருந்தது. குறிப்பும் எழுதவில்லை. எட்டாம் நாள் வீட்டுக்கு வந்தபோது அவள் படுத்திருந்தாள்.

"யார் யார் வந்தா?" என்று கேட்டேன்.

"உங்க ஆசிரியரோட ஆத்துக்காரி வந்தா. நல்லவளா இருக்கா. என் கையைப் பிடிச்சுண்டு ரொம்ப நேரம் உக்காந்திருந்தா."

"என்ன சொன்னா?"

"பொம்மை நன்னா இருக்குன்னா."

வேறொன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. மறுநாள் கட்டுரைக்கு அச்சுப்படி திருத்த வேண்டியிருந்தது.

விஜயதசமி முடிந்த மறுநாள் காலை பஸ் ஏஜெண்டிடம் போனேன். அதற்கடுத்த நாள் காலை வண்டியில் முன் இருக்கை இரண்டும் கிடைத்தன. ஐப்பசி பிறக்க நான்கு நாள் இருந்தது. நேராக மூட்டையை எடுத்துவரப் போனேன். அது அப்போது நான்காவது வீட்டில் இருக்க வேண்டும். மாமி தன் வாசலிலேயே என்னை நிறுத்தினாள்.

"எங்கே போறேள்?"

"மூட்டையை எடுத்துண்டு நாளைக்குக் காலம்பற கிளம்பறோம் மாமி."

அவள் என்னை விசித்திரமாகப் பார்த்தாள். "உங்களுக்குத் தெரியாதா? அதை அவிழ்த்தாச்சே. நவமி அன்னிக்கு உங்க ஆத்துக்காரியே சுவரைப் பிடிச்சுண்டு பிடிச்சுண்டு நடந்து வந்தா. நாலு வீடு. எத்தனை தடவை உக்காந்து எழுந்திருந்தா தெரியுமா? மூட்டையை வாங்கி அங்கேயே பிரிச்சு, சால்வையைப் பூக்காரிக்குக் குடுத்துட்டா. ரவிக்கையையும் குடுத்துட்டா. உங்க வேஷ்டியை மட்டும் மடிச்சு எங்கிட்ட குடுத்து வெச்சிருக்கா. நீங்கதான் சொல்லி அனுப்பினேள்னு நினைச்சேன்."

வேட்டியை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அவள் கொலுப் படிகளுக்கு எதிரில் உட்கார்ந்து பொம்மைகளைப் பழந்துணியில் சுற்றிக்கொண்டிருந்தாள். ஒரு செட்டியார் பொம்மையைச் சுற்றி முடித்தபிறகுதான் பேசினாள்.

"வெள்ளிக்கிழமை போயிட்டு வான்னு உங்க ஆசிரியர் சொன்னாராமே. ஏன் போகலைன்னு அவர் ஆத்துக்காரி கேட்டா. எனக்கு என்ன பதில் சொல்றதுன்னு தெரியலை. எனக்கு முடியலைன்னு சொல்லிட்டேன்."

கையிலிருந்த வேட்டியைக் கொடியில் போட்டேன்.

"பொய் சொன்னேள்னு வருத்தமில்லை. நான் எதுக்குச் சாப்பிட்டேன்னு நினைச்சேள்? பசிச்சா சாப்பிட்டேன்? ஒரு நாளும் பசிக்கலை. பஸ்ல உக்காரத் தெம்பு வேணுமேன்னு முழுங்கினேன். நீங்க அதைப் பார்த்துட்டு, இங்கேயே சாப்பிடறாளே, எதுக்குக் கிளம்பணும்னு இருந்துட்டேள்."

"சீட்டு வாங்கிட்டேன். நாளைக்குக் காலம்பற ஆறு மணி."

"முன் சீட்டா?"

"முன் சீட்டுதான்."

"வேற யாராவது சௌகரியமா போகட்டும்."

அன்று பகல் முழுவதும் கெஞ்சினேன். டாக்டரை அழைத்துவந்தேன். அவர் நாடியைப் பார்த்துவிட்டு, இரண்டு வாரத்துக்கு முன்னால் போயிருக்கலாம், இப்போது அந்த வளைவுகளை இந்த உடம்பு தாங்குமா என்று தனக்கே சந்தேகம் என்றார். இருந்தாலும் அவள் இஷ்டப்பட்டால் போகலாம் என்றார். அவள் இஷ்டப்படவில்லை. கோபமாக இருந்திருந்தால் ஏதாவது செய்திருக்கலாம். அவளிடம் கோபம் இல்லை. சாயங்காலம் நான் அந்த நீளக் காகிதங்களை எடுத்துவந்து இரண்டாம் நாளைப் படிக்கத் தொடங்கினேன். ரொட்டி வரை வந்தேன்.

"சாக்கு, ஏன்னா," என்றாள். எங்கள் வீட்டில் கன்னடமும் தமிழும் கலந்துதான் வரும். "போதும்."

மறுநாள் காலை ஐந்தே முக்காலுக்கு நான் மட்டும் பஸ் நிலையத்துக்குப் போய் இருக்கைகளைத் திருப்பிக் கொடுத்தேன். ஒரு கண்ட்ராக்டரும் அவர் மனைவியும் அவற்றில் உட்கார்ந்தார்கள். அந்த அம்மாள் மடியில் வாழையிலையில் கட்டிய இட்லிப் பொட்டலம் இருந்தது. வண்டி ஆறு பத்துக்குக் கிளம்பியது. நான் வீட்டுக்குத் திரும்பியபோது அவள் முற்றத்தில் வெயிலுக்கு உட்கார்ந்திருந்தாள். கிளம்பிடுத்தா என்று கேட்டாள். கிளம்பிடுத்து என்றேன்.

ஐப்பசி மூன்றாம் நாள் மழை பிடித்தது. கூடலூருக்கு மேலே பாதையில் மண் சரிந்து இரண்டு நாள் வண்டி ஓடவில்லை என்று செய்தி வந்தது. அதை நான்தான் எட்டு வரியாகச் சுருக்கி மூன்றாம் பக்கத்தில் போட்டேன். நாங்கள் போயிருந்தால் அதற்குள் திரும்பியிருப்போமா என்று தேதிகளை வைத்துக் கணக்குப் பார்த்தேன். ஆசிரியர் சொன்ன வெள்ளிக்கிழமை போயிருந்தால் திரும்பி வந்து இரண்டு வாரத்துக்கு மேல் ஆகியிருக்கும்.

அதற்குப் பிறகு அவள் சாப்பிட்டதைப் பற்றி எழுத அதிகமில்லை. கார்த்திகையில் கஞ்சித் தண்ணீர். பட்டாணி கிடைக்குமா என்று ஊட்டியிலிருந்து வரும் லாரிக்காரர்களிடம் சொல்லிவைத்து ஒரு கூடை வரவழைத்தேன். மாமி உப்புப் போட்டு வேகவைத்து வெண்ணெய் வைத்துக் கொடுத்தாள். என் மனைவி ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். வெகுநேரம் அதை வைத்துக்கொண்டிருந்தாள். பிறகு திரும்பி, மாமிக்குத் தெரியாமல், துணியில் துப்பினாள். மாமியிடம் நன்னா இருக்கு மாமி என்றாள்.

பீரும் வாங்கினேன். மைசூரிலேயே கிடைத்தது. அதற்காக ஊட்டி வரை போக வேண்டியதில்லை என்று அவள் கேலியாகச் சொன்னது உண்மையாகவே இருந்தது. டாக்டர் சொன்னபடி ஒரு கரண்டி கொடுத்துப் பார்த்தேன். கண்ணைத் திறக்காமல் விழுங்கினாள். இரண்டாவது கரண்டிக்கு வாயைத் திறக்கவில்லை.

மார்கழியில் ஒரு செவ்வாய்க்கிழமை பகல் பதினொன்றரைக்கு அவள் இறந்தாள். டாக்டர் தை என்று சொன்னதற்கு இரண்டு வாரம் முன்னால்.

பதின்மூன்று நாள் கழிந்த பிறகு ஆசிரியர் வீட்டுக்கு வந்தார். கூடத்தில் பாயில் உட்கார்ந்தார். அவர் மனைவி எங்கள் வீட்டில் என்ன சொன்னாள் என்பதும், அதனால் என்ன நடந்தது என்பதும் அவருக்குத் தெரியாது. இன்றுவரை நான் சொல்லவில்லை. என் கட்டுரையைத் திவான் அலுவலகத்தில் பலரும் பாராட்டியதாகச் சொன்னார். பிறகு சற்றுத் தயங்கி என் தோளில் கை வைத்தார்.

"பத்து நாள் நீ வர வேண்டாம். நான் பார்த்துக்கொள்கிறேன். இந்த வீட்டில் உட்கார்ந்திருக்காதே. எங்கேயாவது போய் வா. ஊட்டிக்குப் போயேன். இப்போது கூட்டமே இருக்காது, சாப்பாடு நன்றாக இருக்கும்."

மனதாரச் சொன்னார். சரி என்றேன். அவரை வாசல் வரை கொண்டுவிட்டேன். மறுநாள் பத்து மணிக்கு அலுவலகத்தில் என் மேஜையில் இருந்தேன். அவர் என்னைப் பார்த்தார். திருத்துவதற்கு இரண்டு பக்கம் அச்சுப்படி கொடுத்தார்.